காய்ந்ததும் பட்டதும்

ஏப்ரல் மாதத்தில் எங்கள் வேலிக்குள் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, படம் எடுப்பதற்கு முன் குனிந்து முகர்ந்து பாருங்கள் என்பதுதான். முழங்கால் உயரப் புதர்கள். ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தான் அளவில் மஞ்சள் பூக்கள். காலை ஏழு மணிக்குள் வந்தால் தேனும் வைக்கோலும் கலந்தது போன்ற ஒரு மணம் தரையிலிருந்து எழும். ஒன்பது மணிக்குக் காற்று கிளம்பிவிட்டால் அது இருக்காது. இந்த நேரக்கணக்கை மூன்று வசந்தங்களாக நான் குறித்துவைத்திருக்கிறேன்.

செடியின் பெயர் அர்ஃபஜ். குவைத் நாட்டின் தேசியப் பூ இதுதான். ஒரு காலத்தில் பாலைவனத்தின் பெரும்பகுதி இந்தப் புதர்க்காடாகவே இருந்ததாம். ஆடும் ஒட்டகமும் மேய்ந்தது போக மிச்சத்தை, குளிர்காலத்தில் கூடாரம் போட்டுத் தங்க வருபவர்களின் வண்டிகள் அரைத்துவிட்டன. ஃபஹாஹீல் நகரிலிருந்து காரில் நாற்பது நிமிடத் தொலைவில், எண்ணெய்க் குழாய்களைத் தாண்டி, ஒரு கால்பந்து மைதானம் அளவுக்குக் கம்பி வேலி போட்ட இடம் ஒன்று இருக்கிறது. அதில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இருபது, மொத்தம் இருநூற்று நாற்பது செடிகளை நாங்கள் நட்டோம்.

நாங்கள் என்றால் வெள்ளிக்கிழமை விடுமுறையில் வருகிற தொண்டர்கள். இந்த வேலையைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, குவைத்துக்காரர். எல்லோருக்கும் அவர் டீச்சர். நான் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் ஆவணங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். செடிகளின் பதிவேடு இயல்பாகவே என் கைக்கு வந்தது. இருபத்து மூன்று வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் அடித்தல் திருத்தல் கிடையாது. டீச்சர் எனக்கு வைத்த பெயர் அபூ தஃப்தர், அதாவது நோட்டுப் புத்தகத்தின் தகப்பன். அதைக் கேலியாகத்தான் சொன்னார். நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

இன்னும் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் யாழ்ப்பாணத்து அக்கா. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை. என்னைவிட இரண்டு வயது இளையவர் என்றாலும் அந்தக் குரலுக்கு அக்கா என்றே கூப்பிட வருகிறது. அவர் என்னை அண்ணை என்பார். மற்றவர் எண்ணெய்த் தளங்களில் சாரம் கட்டுபவர். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். கம்பெனி கேம்ப்பில் ஓர் அறையில் ஆறு பேருடன் இருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் வெயிலில் குழாய்களின் மேல் ஏறி நிற்பவர் ஏழாம் நாளும் வெயிலுக்கு வருவது ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கேம்ப்ல படுத்துக் கெடந்தா வெள்ளிக்கெழமை வெரசாப் போயிருதுண்ணே. இங்க வந்தா நீளமா இருக்கு" என்றார்.

நீளமாகத்தான் இருந்தது. தண்ணீர்க் கேன்களை இறக்கி, செடிக்கு ஒரு குவளை ஊற்றி, காற்று கொண்டுவந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, வேலியில் மணல் ஏறிய இடத்தை மம்பட்டியால் இழுத்துவிட்டு, பிறகு பாயை விரித்து உட்கார்வோம். அக்கா கொண்டுவரும் தேங்காய்ச் சம்பலும் டீச்சர் கொண்டுவரும் குபூஸ் ரொட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதை அந்தப் பாயில்தான் கண்டுபிடித்தோம். வானம்பாடி ஒன்று மேலே நின்று கத்தும். முதல் வருடம் வந்த பறவை வகைகள் நான்கு, இரண்டாம் வருடம் ஒன்பது. பதிவேட்டில் இருக்கிறது.

செடிகளுக்கு எண் கட்டியதும் நாங்கள்தான். தளத்தில் கழித்துப்போட்ட கேபிள் பட்டைகளில் நான் எண் எழுதினேன். சாரம் கட்டுபவர் கம்பியால் முடிச்சுப் போட்டார். எந்தக் காற்றுக்கும் அந்த முடிச்சு அவிழ்ந்ததில்லை.

வேலி எங்களுடையதல்ல. ஓர் அரசு அலுவலகம் இரண்டு வருடத்துக்குக் கொடுத்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டாம் கோடையின் முடிவில் பாதிச் செடிகளாவது உயிரோடு இருக்க வேண்டும். இருந்தால் வேலி நீடிக்கும். இல்லாவிட்டால் அதைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள். வேலி போனால் நவம்பரில் கூடாரக்காரர்கள் வருவார்கள், ஒரே வாரத்தில் எல்லாம் டயர் தடம் ஆகிவிடும். நூற்று இருபது செடி என்பதுதான் எங்களுக்குக் கணக்கு.

அந்த இரண்டாம் கோடையில் நான் இரண்டு மாத லீவில் ஊரில் இருந்தேன். ஆகஸ்டில் கணக்கெடுப்பு வந்தது. நான் இல்லாமல் கணக்கு எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை சாரம் கட்டுபவரை வரிசை வரிசையாக நடக்கச் சொல்லி, போனில் கேட்டுக் கேட்டு நான் தஞ்சாவூரில் உட்கார்ந்து தாளில் எழுதினேன். அலுவலகம் கொடுத்த அந்தத் தாளில் இரண்டே கட்டங்கள்: உயிருள்ளது, இறந்தது.

"ஒண்ணு காஞ்சிருக்குண்ணே. ரெண்டு காஞ்சிருக்கு. மூணு பச்சை. நாலு போச்சு. அஞ்சு காஞ்சு கெடக்கு."

பச்சை என்றால் முதல் கட்டத்தில் ஒரு கோடு. மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாம் கட்டத்தில். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. உயிருள்ளது அறுபத்தெட்டு, இறந்தது நூற்று எழுபத்திரண்டு. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, டீச்சருக்கு அனுப்பினேன்.

செப்டம்பரில் நான் திரும்பியபோது முடிவு வந்துவிட்டிருந்தது. டீச்சர் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னார். வேலியைக் கழற்ற வரும் திங்கட்கிழமை லாரி வருகிறது. பாதிக்குக் குறைவு என்பதால் விவாதிக்க இடமில்லை. வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தால் உயிருள்ள அறுபத்தெட்டையாவது தோண்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒன்பது பேர் வந்திருந்தோம். வேலிக்குள் பார்த்த இடமெல்லாம் சாம்பல் நிறக் குச்சிகள். ஒவ்வொன்றின் அடியிலும் காற்று குவித்த சிறு மணல்மேடு. டீச்சர் காரிலிருந்து இறங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இரண்டு வருடத்து வேலை அது. யாரும் பாயை எடுக்கவில்லை.

வேலையை ஒழுங்குபடுத்துவது என் பங்கு. முதலில் இறந்தவற்றைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிடலாம், அப்போது உயிருள்ளவை எவை என்று தெளிவாகத் தெரியும், தோண்டும்போது குழப்பம் வராது என்றேன். முதல் வரிசையைச் சாரம் கட்டுபவரிடம் கொடுத்து, இரண்டாம் வரிசையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புடுங்கணுமாண்ணே?"

"லிஸ்ட்ல டெட்னு இருக்குப்பா."

"லிஸ்ட்ல இருந்தாச் சரி."

தளத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பதில் புரியும். காகிதத்தில் உள்ளது பெரியது. கண் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். அந்தப் பழக்கத்தை இருபது வருடமாக வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.

ஒன்பதாவது செடியில் அவர் நின்றுவிட்டார். வேர் லேசில் வரவில்லை. மண்டியிட்டு, மணலைக் கையால் ஒதுக்கி, தண்டின் அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் குனிந்து பார்த்தேன். சாம்பல் தோலுக்குக் கீழே நூல் அளவுக்கு ஒரு பச்சைக் கோடு.

"இது பட்டுப்போச்சுன்னு யாருண்ணே சொன்னா?"

"நீதானப்பா சொன்ன. போன்ல."

"நான் காஞ்சிருக்குன்னுல்ல சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். கோபமில்லை. சின்னப் பிள்ளைக்கு இடது வலது சொல்லிக்கொடுப்பவரின் பொறுமைதான் முகத்தில் இருந்தது. "அது எப்படிண்ணே ஒண்ணாகும்? காஞ்சது மழைக்கிக் காத்துக் கெடக்கு. பட்டது போயிருச்சு. எங்க பக்கம் பத்து மாசம் எல்லாமே காஞ்சுதான் கெடக்கும். அதுக்காக ஊரே செத்துப்போச்சா?"

நான் காவிரித் தண்ணீரில் விளையும் ஊர்க்காரன். எங்கள் பக்கம் பயிர் காய்ந்தது என்றால் கதை முடிந்தது என்று பொருள். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளியே இருந்ததில்லை. அதே சொல்லை வேறொரு மண்ணிலிருந்து ஒருவர் சொன்னபோது நான் என் மண்ணின் அர்த்தத்தில் எழுதிக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் ஒரே மொழி என்பதால் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர் இந்தியில் சொல்லியிருந்தால் நான் இரண்டு முறை கேட்டிருப்பேன்.

இதற்குள் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். பிடுங்கிக் கிடந்த எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீறினார்.

"ஆறு பச்சை. அண்ணை, நீங்கள் உயிரோட இருக்கிறதுக்கெல்லாம் மரணப் பத்திரம் எழுதிப்போட்டியள்."

"தெரியுது அக்கா."

"தெரிஞ்சா காணாது. போய் டீச்சரிட்டச் சொல்லுங்கோ, நீங்கள் எழுதினது பிழையெண்டு. நான் சொல்ல மாட்டன்."

நாற்பது அடி தூரம் நடந்தேன். என் தாள் தவறு என்று இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை. டீச்சர் கேட்டுவிட்டு, நேராக அந்த ஒன்பதாவது செடியிடம் போய் உட்கார்ந்தார். கீறலைப் பார்த்தார். அர்ஃபஜ் கோடையில் இலை உதிர்த்து உறங்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், நான் கையெழுத்திட்ட எண்ணிக்கையைப் பார்த்து, உறங்குபவற்றை இறந்தவற்றில் சேர்க்காமல்தான் நான் எண்ணியிருப்பேன் என்று நம்பிவிட்டாராம். "அபூ தஃப்தர் தப்பாக எண்ண மாட்டார் என்று நினைத்தேன்" என்றார். அன்று அந்தப் பெயர் எனக்குப் பெருமையாக இல்லை.

திங்கட்கிழமை லாரி. அதற்கு முன், இங்கே வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்கும். வெள்ளி மதியத்துக்குள் எல்லாவற்றையும் மறுபடி எண்ணி, படத்தோடு அனுப்பினால் யாராவது வந்து பார்க்க வாய்ப்பு உண்டு என்றார் டீச்சர். மணி அப்போது எட்டே கால்.

நான் பேனாவை எடுத்தேன். அக்கா கையை நீட்டினார். "பேனையை இஞ்ச தாங்கோ. நீங்கள் நிலத்தில இருந்து நகத்தால கீறுங்கோ. நான் எழுதுறன்."

கொடுத்துவிட்டேன்.

தாளில் என்ன எழுதுவது என்ற கேள்வி முதல் செடியிலேயே வந்தது. அடியில் பச்சை இருக்கிறது, மேலே ஓர் இலையும் இல்லை. உயிருள்ளது என்று எழுதினால், பார்க்க வருகிறவர் குச்சியைப் பார்த்துச் சிரிப்பார். சாரம் கட்டுபவர்தான் வழி சொன்னார். "நம்ம வேலையில பச்சை டேக் கட்டுனா ஏறலாம், செவப்பு டேக்னா ஏறக்கூடாது. நடுவுல மஞ்சள் டேக்குன்னு ஒண்ணு இருக்குல்லண்ணே. பாத்து ஏறணும்னு. அதே மாதிரி கட்டிவிட்டா என்ன?"

அவர் வந்த கம்பெனி பிக்கப் வண்டியில் மஞ்சள் நாடா ஒரு சுருள் கிடந்தது. டீச்சர் தாளில் மூன்றாவதாக ஒரு கட்டத்தைக் கையால் கோடிழுத்தார். தலைப்பில் என்ன எழுதுவது என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் நாலைந்து சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரியாக இல்லை. சாரம் கட்டுபவர் சொன்ன சொல் என்ன என்று டீச்சர் கேட்டார். காஞ்சு என்றேன். அதை அப்படியே அரபி எழுத்தில் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு மூன்று மணி நேரம் நான் தரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மணலை ஒதுக்க வேண்டும், அடித்தண்டில் நகம் வைக்க வேண்டும், ஓர் அரிசி நீளத்துக்குமேல் கீறக்கூடாது. பச்சை தெரிந்தால் டீச்சர் படம் எடுப்பார், சாரம் கட்டுபவர் நாடா கட்டுவார், மற்றவர்கள் மணலைத் திரும்ப அணைப்பார்கள். பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே ஒருமுறை பார்ப்போம். அப்போதும் பழுப்பு என்றால் அடுத்ததற்குப் போவோம். ஆறாம் வரிசையில் என் கட்டைவிரல் நகம் பிளந்தது. இடது கைக்கு மாறினேன். வெயில் ஏறி, தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. பத்தாம் வரிசையின் நடுவில் அக்காவின் குரல் கேட்டது.

"நூற்றி இருவது."

யாரும் கைதட்டவில்லை. டீச்சர் தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யல்லா, இன்னும் இரண்டரை வரிசை இருக்கிறது" என்றார். சாரம் கட்டுபவர் மட்டும் அடுத்த நாடாவை வழக்கத்தைவிட ஒரு முடிச்சு அதிகமாகப் போட்டதைப் பார்த்தேன்.

முடிவில் பச்சை அறுபத்தெட்டு. காஞ்சு எழுபத்தொன்பது. பட்டது எண்பத்து நான்கு. மீதி ஒன்பது, முதல் வரிசையில் பிடுங்கிய ஆறும் இரண்டாம் வரிசையில் நான் பிடுங்கிய மூன்றும். அவற்றுக்குத் தாளின் அடியில் தனி வரி எழுதச் சொன்னேன்: தவறாகப் பிடுங்கப்பட்டவை. கையெழுத்து என்னுடையது. அந்த ஒன்பதையும் அன்றே திரும்ப நட்டு, எங்கள் குடிதண்ணீரில் மிச்சமிருந்ததை ஊற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அரை நாள் லீவு போட்டு நானும் போயிருந்தேன். அவர் மஞ்சள் நாடாக்களின் நடுவே நடந்தார். ஒன்றைக் கீறிப் பார்த்தார். தள்ளிப்போய் இன்னொன்று. மூன்றாவதாக, நாங்கள் பட்டது என்று எழுதியதைக் கீறிப் பார்த்தார்; அது பட்டதாகவே இருந்தது. அதன் பிறகுதான் அவர் முகம் இளகியது. முதல் தாளை எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். இரண்டாவது தாள்? அதிலும் என் கையெழுத்துத்தான் என்றேன். டீச்சர் அரபியில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். லாரியை நிறுத்திவைப்பதாகவும், ஏப்ரலில் வந்து பூவைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு நாட்குறிப்பில் ஆகஸ்ட் மாதத்து அந்தப் பக்கத்தை எடுத்து, இறந்தது நூற்று எழுபத்திரண்டு என்ற வரியை ஒரு கோடால் அடித்தேன். இருபத்து மூன்று வருடத்தில் முதல் அடித்தல். மேலே சரியானதை எழுதினேன். கோடு கொஞ்சம் கோணலாகிவிட்டது.

நவம்பர் மத்தியில் மழை இறங்கியது. இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தது. மூன்றாம் வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது வேலிக்கு வெளியே கூடாரங்கள் முளைத்திருந்தன. வேலிக்குள் மஞ்சள் நாடா கட்டிய குச்சிகளின் கணுக்களில் எள் அளவு பச்சைப் புள்ளிகள். அக்கா குரலைத் தாழ்த்திப் பேசியதை அன்றுதான் கேட்டேன். "அண்ணை, இஞ்ச பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். எழுபத்தொன்பதில் எழுபத்தொன்று துளிர்த்தது. நான் பிடுங்கச் சொன்ன ஒன்பதில் இரண்டு பிழைத்தன. அவற்றுக்கு நானே தண்ணீர் ஊற்றுகிறேன். வேறு யாரையும் விடுவதில்லை.

ஏப்ரலில் அந்த அலுவலர் குடும்பத்தோடு வந்தார். காலை ஏழு மணிக்கு முன்பே வரச் சொல்லியிருந்தேன். வேலிக்குள் மஞ்சளைத் தவிர வேறு நிறமே கண்ணில் படவில்லை. எந்தச் செடியில் நாடா கட்டினோம் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். வேலி இன்னும் இரண்டு வருடம் இருக்கும் என்று அலுவலர் பாயில் உட்கார்ந்து, சம்பல் தொட்ட குபூஸை மென்றுகொண்டே சொன்னார். நாங்கள் ஒன்பது பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வேலையில் எத்தனையோ பெரிய திட்டங்களின் ஆவணங்கள் என் கையெழுத்தோடு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் எதையும் நான் போய்க் குனிந்து முகர்ந்து பார்த்ததில்லை.

போகும்போது அவர் புதிதாக அச்சடித்த தாள் கட்டு ஒன்றைக் கொடுத்தார். இனி மற்ற வேலிகளிலும் இந்தத் தாள்தான் என்றார். மூன்று கட்டங்கள். நடுக்கட்டத்தின் தலைப்பை டீச்சர் வாசித்துக் காட்டினார். "கான்ஜு."

சாரம் கட்டுபவர் அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். போனில் படம் எடுத்து ஊரிலிருக்கும் மனைவிக்கு அனுப்பி, வீடியோ காலில் பெரிதாகச் சத்தம் வைத்துப் பேசினார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"நம்ம சொல்லுன்னா நம்ம எழுத்துல்ல இருக்கணும்? இது என்னமோ புழு நெளியுற மாதிரில்ல இருக்கு."

"அரபில எழுதியிருக்காக. காஞ்சுன்னு."

"அதைப் போயி அங்க எதுக்கு எழுதி வச்சிருக்காக?"

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பி, பூத்துக் கிடந்த பன்னிரண்டு வரிசைகளையும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகக் காட்டினார்.